எங்கள் அரசின் சார்பில்

ஜனவரி 8, திங்கள்

லில்லி புஷ்பம் மேடம் இன்று புதுப் பேப்பர் ஆரம்பித்தார். 'சர்வதேசச் சட்டமும் மனித உரிமைகளும்: ஓர் அறிமுகம்'. செமஸ்டர் முடியும்வரை எல்லாரும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். பத்து மார்க். மார்க்குக்கு எழுதுகிற நோட்டு வேறு, அதில் 'இன்று இறையாண்மை குறித்து ஆழ்ந்து சிந்தித்தேன்' என்று அளந்துவிடுவேன். இது என் சொந்த நோட்டு.

முதல் வகுப்பிலேயே முத்துக்கருப்பன் எழுந்துவிட்டான். உசிலம்பட்டிக்காரன், மனசில் பட்டதைக் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "போலீஸே இல்லாத சட்டத்தை எவன் மேடம் மதிப்பான்?" என்றான். மேடம் கோபப்படவில்லை. ஒரு நாட்டு ஸ்டாம்பை மட்டும் ஒட்டிப் போட்ட கடிதம் நாலு நாடு தாண்டிப் போய்ச் சேருகிறது, எந்தப் போலீஸும் லத்தியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவதில்லை, நாடுகள் தினமும் சட்டத்தை மதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, மதிக்காத நாள்தான் பேப்பரில் வருகிறது என்றார். நல்ல பதில். கடிதத்துக்கு இருக்கிற வசதி ஆளுக்கு இல்லையே என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் வகுப்பில் வாயை மூடுவது அதிசயம் என்பதால் பக்கத்தில் இருந்த ஹாஜிரா பானு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மதுரையிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். காலேஜில் 'எந்த ஊர்?' என்றால் 'திண்டுக்கல் பக்கம்' என்பேன். பொய் இல்லை. முகாம் திண்டுக்கல் பக்கம்தான் இருக்கிறது. என் பெயர் டிலுக்ஷி என்பதை மட்டும் இவர்கள் ஏதோ வடநாட்டு சீரியல் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

ஜனவரி 11, வியாழன்

தமிழ் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எங்கள் மூன்று பேரையும் அனுப்புகிறார்கள். நானும் கருப்பனும் வாதம், ஹாஜிரா ஆய்வு. ஹாஜிரா ஒரு தீர்ப்பைத் தேடப் போனால் அதன் தாத்தா தீர்ப்பு வரைக்கும் தோண்டிக்கொண்டு வருவாள்.

வழக்கு இதுதான். நெய்தலியா என்று ஒரு நாடு. மருதாலயா என்று இன்னொரு நாடு. போட்டி நடத்துகிறவர்களுக்குச் சங்க இலக்கியம் படித்த மிதப்பு. நெய்தலியாவில் சண்டை வந்து ஓடி வந்தவர்களை மருதாலயா முகாமில் வைத்துக் காப்பாற்றியது. முப்பது வருஷம் ஆகிவிட்டது. அங்கேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து நிற்கிறார்கள். உங்கள் மண்ணில் பிறந்த பிள்ளைகள், உங்கள் குடிமக்கள் என்கிறது நெய்தலியா. சோறு போட்டது நாங்கள், அதற்காகக் குடியுரிமை கொடுக்க முடியாது என்கிறது மருதாலயா. சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எழுதியவருக்கு எங்கள் முகாமில் பத்து நாள் ரூம் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்.

இரண்டு தரப்புக்கும் தயாராக வேண்டும். எந்தத் தரப்பு என்பது அன்றைக்கு நாணயம் சுண்டித் தெரியும். முக்கியமான விதி இன்னொன்று: அணிக்கு நம்பர் மட்டும்தான். பெயர், ஊர், காலேஜ், நாம் யார் என்பது எதையும் தீர்ப்பு வரும்வரை நீதிபதிகளுக்குத் தெரிய விடக்கூடாது. சாடையாகச் சொன்னாலும் அணி வெளியே. எனக்கு ஏற்ற விதி.

கருப்பன் பதிவுப் படிவம் நிரப்பினான். முதல் வரியில் அவன் பெயர், குடியுரிமை என்ற கட்டத்தில் 'இந்தியர்'. கீழே ஹாஜிராவுக்கும் எனக்கும் டிட்டோ போட்டான். இரண்டு சின்னக் கோடு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். தண்ணீர் வந்தது. துவைத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

பயிற்சி. மருதாலயா அரசுக்காக நான் பேசினேன். 'பரிசீலனையில் உள்ளது', 'மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்', 'மனிதாபிமான அடிப்படையில் ஏற்கெனவே போதுமான அளவு செய்யப்பட்டுள்ளது' என்று நான் அடுக்க அடுக்க ஹாஜிரா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். எங்கேடி கற்றுக்கொண்டாய் இப்படி என்றாள். பிறவியிலேயே வந்தது என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நெய்தலியாவுக்காகப் பேசும்போது மட்டும் எனக்குத் தொண்டை கட்டுகிறது. பனிக்காலம். கருப்பன் அந்தத் தரப்பை எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது கேட்டான், படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு பண்ணி மதுரையில் பிராக்டிஸா, திண்டுக்கல்லிலா என்று. பார்க்கலாம் என்றேன்.

ஜனவரி 24, புதன்

வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 24. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியரைத் தன் கோர்ட்டில் அனுமதிக்கிற நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. அதற்கும் ஒரு நாடு வேண்டும். இது எனக்குப் புதிதில்லை. சும்மா ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 3, சனி

இன்று செக்கிங். மாதம் ஒருமுறை வருவாய் ஆய்வாளர், எங்கள் பாஷையில் ஆர்.ஐ., பெரிய ரிஜிஸ்டரோடு வருவார். அட்டை எண்ணை வாசிப்பார். வாசித்ததும் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரும் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அப்பா பெயிண்டர். பழனியில் ஒரு லாட்ஜுக்கு மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர், முதல்நாளே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். செக்கிங் என்றால் அப்பா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டுதான் போவார். எங்கள் வரிசையில் எல்லாரும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்போம். அழுக்காக நின்றால் முகாமில் இல்லாமல் வெளியூரிலிருந்து ஓடி வந்து நிற்கிறான் என்று சந்தேகப்படுவார்களாம். அப்பா சொல்கிற காரணம் அது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, அவர் சொல்வதில்லை.

போன வருஷம் கமலநாதன் அண்ணன் ஒரு செக்கிங் தவறவிட்டார். பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவர் முகாமில் இருந்தும் முகாமில் இல்லை.

ஆர்.ஐ. புதியவர், ஒரு மேடம். அடுத்த மாதம் சிறப்பு சரிபார்ப்பு என்று அறிவித்தார். எல்லாருக்கும் புதிதாகப் போட்டோ, கைரேகை. அனுமதி இல்லாமல் வராதவர் பெயர் நீக்கப்படும். மார்ச் 2, சனிக்கிழமை.

பிப்ரவரி 10, சனி

மதுரைச் சுற்றில் ஜெயித்துவிட்டோம்! நாலு அணியைத் தள்ளினோம். கருப்பன் நெய்தலியாவுக்குப் பேசியதைக் கேட்டு ஒரு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மருதாலயாவுக்குப் பேசியதைக் கேட்டு அதே நீதிபதி 'இந்தப் பெண் கலெக்டர் ஆகலாம்' என்றார். பஜ்ஜி தின்றோம். மேடம் வாங்கிக் கொடுத்தார், அதிசயம்.

இறுதிச்சுற்று திருச்சியில், ஒரு தனியார் சட்டக் கல்லூரியில். மார்ச் 2. காலை பதினொன்றரை.

தேதியைக் கேட்டதும் பஜ்ஜியில் உப்பு இல்லை என்று தெரிந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

ஒன்றும் ஆகாது. அனுமதி வாங்கினால் போதும். ஒரு மனு, ஒரு கையெழுத்து. சட்டம் படிக்கிறவளுக்கு மனு எழுத வராதா?

காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஆர்.ஐ. மேடத்தைப் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டே படித்தார். கையெழுத்து தாசில்தார் போட வேண்டும், தான் சிபாரிசு மட்டும்தான் என்றார். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும், இங்கே இரண்டு பூசாரி. கூடவே ஒரு கடிதம் கேட்டார். இன்ன அட்டை எண்ணுள்ள முகாம்வாசி இன்ன தேதியில் எங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறார் என்று போட்டி நடத்துகிறவர்கள் எழுதித் தர வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் யார்? டிட்டோ.

பிப்ரவரி 13, செவ்வாய்

வகுப்பில் உலக மனித உரிமைப் பிரகடனம். பிரிவு 15: ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமை உண்டு. கருப்பன் கேட்டான், எந்த நாடு கொடுக்கணும்னு எழுதலையே மேடம், ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுவானே என்று. மேடம், அதுதான் அதில் உள்ள சிக்கல், பிரகடனம் மட்டும் போதாது, கையெழுத்துப் போட்ட உடன்படிக்கைதான் நாட்டைக் கட்டும் என்றார். நான் குனிந்து குறிப்பெடுத்தேன். கருப்பன் நல்லவன்தான். அவன் எனக்காகத்தான் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

பிப்ரவரி 15, வியாழன்

வீட்டில் சொன்னேன். அம்மா ஒரேயடியாகப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போனார். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். பெயரை அடித்தால் நீ எங்கே இருக்கிறாய் என்று யாரைக் கேட்பது என்றார்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கதை தெரிந்தவர் அவர். அவருடைய தாத்தாவை இந்தப் பக்கத்திலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இந்தியாக்காரன் என்று குடியுரிமை இல்லை. அப்பா தொண்ணூறில் படகேறி இங்கே வந்தார். இங்கே சிலோன்காரன். அப்பாவிடம் இருப்பது முகாம் அட்டை ஒன்றுதான், அதை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். அதில் நான் மூன்றாவது பெயர்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார், மகள், அந்தப் போட்டியில் நீ எந்த நாட்டுக்குப் பேசுவாய் என்று. நாணயம் சுண்டினால்தான் தெரியும் என்றேன். எங்களுக்கும் அப்பிடித்தான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பிப்ரவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன். கேன்டீனில், டீ ஆறுவதற்குள். இலங்கைத் தமிழர் முகாம், இங்கே பிறந்தேன், எந்த நாட்டிலும் குடியுரிமை இல்லை, மார்ச் 2 செக்கிங், கடிதம் வேண்டும். மொத்தம் நாலு வாக்கியம். வாதுரையை விடச் சுருக்கமாக முடித்தேன்.

ஹாஜிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை. கருப்பனுக்குத்தான் கோபம். முகம் சிவந்துவிட்டது. நான் டிட்டோ போடும்போது நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, ஏன் சொல்லலை என்றான்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு."

அவன் எழுந்து போனான். சரி, போகட்டும் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். 'படிவத்தில் என்னால் ஏற்பட்ட பிழை' என்று ஆரம்பித்துத் திருத்தக் கடிதம் எழுதினான். இரண்டு முறை கிழித்துப் போட்டு மூன்றாவது தடவை எழுதியதில்தான் கையெழுத்துப் போட்டான். பிழை என்னுடையதும்தான், அதையும் சேர் என்றேன். சேர்க்க மாட்டேன் என்றான்.

இவ்வளவு நாள் எதற்குப் பயந்தேன்? வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

போட்டி விதியில் குடியுரிமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லையாம். தமிழ்நாட்டில் சட்டம் படிக்கிற எவரும் கலந்துகொள்ளலாம். லில்லி மேடம் அரை நாள் போனைக் காதில் வைத்தபடி அலைந்து கடிதத்தை வாங்கிவிட்டார். திருத்திய படிவத்தின் நகலும் வந்தது. குடியுரிமைக் கட்டத்தில் என் பெயருக்கு நேரே 'பொருந்தாது' என்று டைப் செய்திருக்கிறார்கள்.

டிட்டோவே பரவாயில்லை.

கடிதத்தை ஆர்.ஐ. மேடத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கினேன். மனு கொடுத்து ரசீது வாங்காதவன் மனுவே கொடுக்காதவன் என்பது எங்கள் முகாமில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

பிப்ரவரி 28, புதன்

தாசில்தார் தேர்தல் பயிற்சியில் இருக்கிறார். கோப்பு மேஜையில் இருக்கிறது. மூன்றாவது நாளாக இதே பதில்.

மார்ச் 1, வெள்ளி

கையெழுத்து வரவில்லை. ஆர்.ஐ. மேடம் தானாகக் கூப்பிட்டுச் சொன்னார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுவதாகவும், முதல் ஆளாக வந்து போட்டோ, கைரேகை வைத்துவிட்டு ஏழரைக்கு நான் கிளம்பலாம் என்றும். திருச்சிக்கு இரண்டே கால் மணி நேரம். தாராளமாகப் போகலாம். நான்தான் சொன்னேனே, ஒன்றும் ஆகாது என்று.

வெள்ளைச் சட்டை துவைத்து இஸ்திரி போட்டாயிற்று.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று காலை உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று கை ஓடவில்லை.

ஆறரைக்கே வரிசையில் நின்றேன், முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் பின்னால். ஆர்.ஐ. மேடம் சொன்னபடி ஏழு மணிக்கு வந்தார். கைரேகை மெஷின்தான் வரவில்லை. எட்டுக்கு வந்தது. வந்ததும் சர்வர் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டரைக்குக் கருப்பன் அவன் மச்சானின் குட்டியானை வண்டியோடு வந்து கேட்டில் நின்றான். மெஷின் வரவில்லை என்று நான் போனில் சொன்னதும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார்கள். உள்ளே வரத் தயங்கி, அங்கிருந்தே கையைக் கையைக் காட்டினான்.

ஒன்பது ஆயிற்று. சக்கரம் சுற்றியது. ரிஜிஸ்டரில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் மேடம், நான் இதோ உங்கள் கண் முன்னால்தான் நிற்கிறேன் என்றேன். இந்தத் தடவை ரிஜிஸ்டர் செல்லாது, மெஷின்தான் கணக்கு என்றார். அவருக்கும் வியர்த்தது. மனுவுக்கு ரசீது இருக்கிறதே என்றேன். "ரசீது அனுமதி ஆகாதும்மா. வாசிக்கும்போது நீ இல்லைன்னா இல்லைன்னுதான் எழுதணும். அதுதான் என் வேலை." நேர்மையாகச் சொன்னார். அதனால் அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்தொரு வருஷமாக இல்லாத பயம் வந்தது. போனால் பெயர் போகும். நின்றால் வாதாடக் கருப்பன் ஒருவன்தான், விதிப்படி இரண்டு பேர் வேண்டும், அணியே வெளியே. அம்மாவைப் பார்த்தேன். அம்மா டிபன் டப்பாவை என் பையில் திணித்தார்.

அப்பாதான் பேசினார்.

"மகள், இந்த லைன்ல நான் முப்பத்துநாலு வருசமா நிக்கிறன். லைன் எங்கயும் ஓடிப்போகாது. நீ போ."

போனேன். தக்காளி வாசத்தோடு, கருப்பனுக்கும் அவன் மச்சானுக்கும் நடுவில் உட்கார்ந்து, மடியில் வாதுரையை வைத்துக்கொண்டு. போய் இறங்கும்போது பதினொன்று இருபது. வாசலில் ஹாஜிரா என்னைக் கண்டதும் அழுதாள், லில்லி மேடம் என் சட்டைக் காலரைச் சரி செய்தார்.

நாணயம் சுண்டினார்கள். எதிரணிக்கு விழுந்தது. அவர்கள் நெய்தலியாவைக் கேட்டார்கள், பிள்ளைகள் பக்கம். எங்களுக்கு மருதாலயா. கருப்பன் என்னைப் பார்த்தான், வேண்டாம் என்றால் முதல் வாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கிசுகிசுத்தான். போடா, இதுதான் எனக்கு நன்றாக வரும் என்றேன்.

எழுந்து நின்று, "மாண்பமை நீதிபதிகளே, எதிர்மனுதாரர் மருதாலயாவின் சார்பில், எங்கள் அரசின் சார்பில், ஆஜராகிறேன்" என்றேன். பயிற்சியில் எல்லாம் 'எதிர்மனுதாரர் அரசு' என்றுதான் சொல்வேன். நேற்று என்னவோ 'எங்கள் அரசு', 'எங்கள் மண்', 'எங்கள் நாடாளுமன்றம்' என்றே வந்துகொண்டிருந்தது. மேடையில் நின்றால் வாய் தன்னால் அப்படிப் போய்விடும் போல. வேறு ஒன்றும் இல்லை.

நன்றாகப் பேசினேன். அடக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். யாருக்குக் குடியுரிமை என்று முடிவு செய்வது இறையாண்மையின் உயிர், அடைக்கலம் கொடுத்தது கருணை, கருணையைக் கடனாக மாற்றினால் நாளைக்கு எந்த நாடும் கதவைத் திறக்காது என்றேன். எதிரணியில் இரண்டு பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இருந்த நீதிபதி ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி, ஒரு அம்மா. அதுவரை ஒரு கேள்வியும் கேட்காதவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வழக்கறிஞரே, நாடற்ற ஒருவரை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?"

ஹாஜிராவின் கையிலிருந்து பேப்பர் சரிந்தது எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால் அணி வெளியே. இல்லை என்றால் அது பொய். டிட்டோ போட்டபோது சும்மா இருந்த மாதிரி நேற்றும் சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

"பார்த்ததுண்டு, மாண்பமை நீதிபதி அவர்களே."

"எப்படி இருந்தார்?"

"தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, நேரத்துக்கு வந்து நின்றார். எங்கள் அரசு கூப்பிடும்போதெல்லாம் அப்படித்தான் வந்து நிற்பார்."

"அப்படி வந்து நிற்பவருக்கு உங்கள் அரசு என்ன கொடுக்கிறது?"

"ஒரு எண் கொடுக்கிறது."

"அது போதுமா?"

"எங்கள் அரசு போதும் என்கிறது. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறது. போதுமா என்பது எங்கள் அரசைக் கேட்க வேண்டிய கேள்வி அல்ல, மாண்பமை நீதிபதி அவர்களே. அவரைக் கேட்க வேண்டிய கேள்வி."

அந்த அம்மா பேனாவை மறுபடி திறந்து ஏதோ எழுதினார். பிறகு, தொடருங்கள் என்றார். தொடர்ந்தேன்.

மருதாலயா ஜெயித்தது. பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பு. சிறந்த வாதத்துக்கான கோப்பையும் எனக்கு. கைதட்டினார்கள், கருப்பன் விசில் அடித்து லில்லி மேடத்திடம் திட்டு வாங்கினான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று தெரியாது.

தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொருவராக மேடையில் பெயரும் ஊரும் சொல்வது வழக்கம். என் முறை வந்தது. திண்டுக்கல் பக்கம் என்று சொல்லவில்லை. பெயர், காலேஜ், இலங்கைத் தமிழர் முகாம், அட்டை எண், எல்லாவற்றையும் சொன்னேன். செக்கிங்கில் சொல்கிற அதே குரலில் சொன்னேன், அது ஒன்றுதான் எனக்குப் பழக்கம்.

நீதிபதி அம்மா கீழே இறங்கி வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "உன் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது, தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று ஓர் உடன்படிக்கை இருக்கிறது, குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கை, பிரிவு 24, மருதாலயா அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, எதிரணி அதைக் கேட்கவில்லை, கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது, மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. மெஷின் பத்தே காலுக்கு வேலை செய்ததாம். எங்கள் அட்டை எண்ணை முதலில் வாசித்தார்களாம். மூன்றாவது பெயருக்கு யாரும் போய் நிற்கவில்லை. அம்மா கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்குள் அரை லிட்டர் பால் கொள்ளும் என்றார். அப்பா சிரித்தார். நான்தான் அழுதேன்.

மார்ச் 4, திங்கள்

ஆர்.ஐ. மேடம் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு உறை. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை. கமலநாதன் அண்ணன் பெயரை அடித்தபோது ஒரு காகிதமும் வரவில்லை, ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு மட்டும்தான். எனக்கு நோட்டீஸ். அனுமதியின்றி வராததால் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் காரணம் காட்ட வேண்டும், மார்ச் 11 காலை பதினொரு மணிக்குத் தாசில்தார் முன் விசாரணை.

கேட்காமல் அடிக்கக் கூடாது இல்லையா, அதுதான் நோட்டீஸ் போட வைத்தேன், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். மேலே 'டிலுக்ஷி, த/பெ. ராமையா அவர்களுக்கு' என்று இருக்கிறது. அரசு இதுவரை என்னை வரச் சொல்லியிருக்கிறது, நிற்கச் சொல்லியிருக்கிறது. காரணம் கேட்டதில்லை. கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

மார்ச் 7, வியாழன்

பதில் தயார். பதினொரு பக்கம். ஹாஜிரா தீர்ப்புகளை அதன் தாத்தா வரைக்கும் தோண்டிக் கொடுத்தாள். சட்டத்தின் முன் சமம் என்பதும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு என்பதும் இந்த மண்ணில் இருக்கிற எவருக்கும் உண்டு, குடிமகனுக்கு மட்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை. ரசீதை இணைப்பு ஒன்றாக வைத்தேன். கமலநாதன் அண்ணனின் எட்டு மாதத்தை இணைப்பு இரண்டாக வைத்தேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.

கூடவே இன்னொரு மனுவும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அது பெரியது, ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியது. இங்கே பிறந்த எனக்குக் குடியுரிமை கேட்டு. எதிர்த் தரப்பு என்னென்ன சொல்லும் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அத்தனையும் நானே சொல்லிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஓட்டை எங்கே என்றும் தெரியும்.

11-ம் தேதிக்கான பதிலைக் கருப்பன் சுத்தமாக டைப் செய்து தந்தான். கடைசிப் பக்கத்தில் 'மனுதாரரின் வழக்கறிஞர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தான். படிப்பு முடிந்ததும் அந்தப் பெரிய மனுவில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான், தலையைக் குனிந்துகொண்டு. வழக்கறிஞர்கள் சட்டப் பிரிவு 24-ஐ அவனும் படித்திருக்கிறான் போல. போட்டுக்கொள்ளலாம், ஆனால் 11-ம் தேதிக்கு வேறு ஆள் இருக்கிறது என்றேன்.

பேனாவை எடுத்து நானே எழுதினேன். 'மனுதாரர் நேரில்.' தன் வழக்கைத் தானே பேச யாரும் எந்த நாட்டுக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை.

நாளைக்குத் தண்ணீர் முறை. வெள்ளைச் சட்டையில் தக்காளிக் கறை இருக்கிறது, ஊறப் போட வேண்டும்.